மே மாதத்து ஒபியோங்கோ: பிள்ளைகளோடு படகில் ட்ரவுட் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒபியோங்கோ, ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவில் உள்ள ஒரு பெரிய ஏரி. இதுபோன்ற ஏரிகளில் லேக் ட்ரவுட் மீனைப் படகிலிருந்து சாதாரணத் தூண்டிலால் பிடிக்க வருடத்தில் மூன்று, நான்கு வாரங்கள்தான் கிடைக்கும். ஏரியின் பனிக்கட்டி உருகி முடிந்த நாளில் அந்தக் காலம் தொடங்கும். தண்ணீர் வெதுவெதுப்பானதும் முடிந்துவிடும்.

தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். பனி உருகி மேல்தண்ணீர் 4 பாகைக்கு வரும்போது, மேலும் கீழும் ஒரே குளிராகி ஏரி முழுவதும் கலங்கிக் கலக்கும். லேக் ட்ரவுட்டுக்குப் பிடித்த வெப்பம் 10 பாகை அளவு. அதனால் மே மாதத் தொடக்கத்தில், வெயில் பட்டுக் கொஞ்சம் சூடாகும் கரையோரத் தண்ணீருக்கு அது இரை தேடி வருகிறது. யூலையில் அதே மீன் 15, 20 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்போது பிடிக்க வேண்டுமென்றால் பாரக் குண்டு கட்டி இறக்கும் கருவிகள் தேவை. மே மாதத்தில் பத்து வயதுப் பிள்ளையின் கையில் உள்ள சின்னத் தூண்டிலே போதும்.

ஆனால் மீனை மேலே கொண்டுவருகிற அதே குளிர்தான் படகில் இருப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து. எனவே இந்தப் பயணத்தை மீனுக்காகத் திட்டமிடாதீர்கள். குளிருக்கும் காற்றுக்கும் திட்டமிடுங்கள். நான் இங்கே எழுதும் ஒவ்வொரு படியும் அதிலிருந்துதான் வருகிறது.

ஏன் ஒபியோங்கோ

ரொறன்ரோவிலிருந்து 400, 11, 60 ஆகிய நெடுஞ்சாலைகளில் ஹன்ட்ஸ்வில் வழியாகப் போனால் அல்கொன்குயின் பூங்காவின் மேற்கு வாசலுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். பூங்காவுக்குள் 60ஆம் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் 46.3இல் வடக்கே ஒரு சாலை பிரியும். அதில் ஆறு கிலோமீட்டர் போனால் ஒபியோங்கோ ஏரியின் தெற்கு முனையில் உள்ள படகுத்துறை. சுமார் 58 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த ஏரிதான் அல்கொன்குயினிலேயே பெரியது. தெற்கு, கிழக்கு, வடக்கு என்று மூன்று கைகள் கொண்டது. வாடகைக்குப் படகு எடுக்கும் இடமும் துறையிலேயே இருக்கிறது. மே மாதத்தில் என்னென்ன படகு உண்டு என்று முன்னதாகவே தொலைபேசியில் கேட்டு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு வழியில் சொல்ல நல்ல கதை ஒன்றும் உண்டு. இந்த ஏரியில் ஹார்க்னெஸ் மீன்வள ஆய்வகம் 1936இலிருந்து இயங்குகிறது. மீன் பிடித்துத் திரும்புகிறவர்களிடம் எத்தனை மணி நேரம் பிடித்தீர்கள், எத்தனை மீன் கிடைத்தது என்று கேட்டுப் பதிந்துவருகிறார்கள். 1948இல் சிஸ்கோ என்ற சிறிய மீனை இந்த ஏரியில் விட்டார்கள். அதைத் தின்று லேக் ட்ரவுட் முன்பைவிடப் பெரிதாக வளரத் தொடங்கியது. அந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது, சாதாரண மனிதர்கள் துறையில் நின்று சொன்ன கணக்குகளால்தான். உங்களிடம் கேட்டால் பிள்ளைகளையே பதில் சொல்ல விடுங்கள். மீன் ஒன்றும் கிடைக்காத நாளும் அவர்களுக்குத் தேவையான கணக்குத்தான்.

நாள் குறிப்பது

அல்கொன்குயினில் ட்ரவுட் பருவம் ஏப்ரல் நான்காவது சனிக்கிழமை திறக்கும். ஆனால் அந்த நாளில் ஏரியில் இன்னும் பனிக்கட்டி இருக்கலாம். ஒபியோங்கோ பெரிய ஏரி என்பதால் சின்ன ஏரிகளுக்குப் பிறகுதான் திறக்கும். பெரும்பாலும் ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம். பனி நீங்கிய செய்தி வரும்வரை விடுமுறை எடுக்காதீர்கள்.

என் தெரிவு மே இரண்டாவது வாரம். அன்னையர் தின வார இறுதியில் ஒன்ராறியோவில் கனடாவாசிகள் அனுமதிப்பத்திரம் வாங்காமலே மீன் பிடிக்கலாம். குடும்ப மீன்பிடி நாட்களில் அதுவும் ஒன்று. அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், வைத்துக்கொள்ளும் மீனின் எண்ணிக்கை பாதுகாப்பு வகை அனுமதிப்பத்திரத்துக்கு உரிய குறைந்த வரம்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். அம்மாவுக்கு முதல் தூண்டில் கொடுக்க இதைவிட நல்ல நாள் இல்லை. இன்னொரு காரணம் கரு ஈ. மே நடுப்பகுதிக்குப் பிறகு அது கூட்டமாக எழும்பும். காதுக்குப் பின்னாலும் தலைமுடி ஓரத்திலும் கடித்து இரத்தம் வர வைக்கும். விக்டோரியா தின நீண்ட வார இறுதியில் ஈயும் கூட்டம், ஆட்களும் கூட்டம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

தங்க: மியூ லேக் முகாம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். அங்கே மின்சூடேற்றி உள்ள யர்ட் கூடாரங்கள் உண்டு. மே மாத இரவு உறைநிலைக்குக் கீழே போகக்கூடியது, ஆகவே பிள்ளைகளோடு சாதாரணக் கூடாரத்தில் படுப்பதை நான் விரும்பமாட்டேன். யர்ட்டுகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒரே நாளில் போய் வருகிறவர்கள் வாகன அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

சட்டம் சார்ந்த விடயங்கள்

மற்ற நாட்களில் 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். விளையாட்டு வகை, பாதுகாப்பு வகை என்று இரண்டு உண்டு. இரண்டாவது விலை குறைவு, வைத்துக்கொள்ளக்கூடிய மீனும் குறைவு. குடும்பத்துக்கு அதுவே தாராளம். அந்த ஆண்டுக்கான ஒன்ராறியோ மீன்பிடி விதிச் சுருக்கத்தில் அல்கொன்குயின் பகுதியைத் தேடி, ஒபியோங்கோவுக்குத் தனி விதி இருக்கிறதா என்று வாசியுங்கள். எண்ணிக்கையும் அளவும் மாறுகிறவை, நண்பர் சொன்னார் என்று நம்பிவிடாதீர்கள். உயிருள்ள மீனை இரையாகக் கொண்டுபோவது அல்கொன்குயினில் தடை. வெளியிலிருந்து வரும் ஒரு சின்ன மீன் ஏரியையே மாற்றிவிடக்கூடியது என்பதுதான் காரணம். ஒருவருக்கு ஒரு தூண்டில்.

மோட்டார் படகை ஓட்டுகிறவரிடம் படகோட்டி அட்டை இருக்க வேண்டும். அது ஒரு பரீட்சை எழுதினால் கிடைக்கும், வாழ்நாள் முழுவதும் செல்லும். வாடகைப் படகு என்றால் கொடுப்பவரோடு சேர்ந்து பாதுகாப்புப் பட்டியலை நிரப்பிக் கையெழுத்திட்டால் அந்த வாடகைக் காலத்துக்கு அதுவே போதும். அந்தப் பட்டியலை அவசரமாகக் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். எரிபொருளை எப்படித் திறப்பது, நியூட்ரல் எங்கே, மோட்டாரை எப்படி உயர்த்துவது என்பதையெல்லாம் துறையிலேயே ஒரு தரம் செய்து பார்த்துவிடுங்கள். படகில் மது வேண்டாம்.

படகும் உடுப்பும்

நாலு பேருக்கு 16 அடி அலுமினியப் படகும் 10 குதிரைவலு மோட்டாரும் சரியாக இருக்கும். கனூ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு அழகானதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் மே மாதத்துக் குளிர்தண்ணீரில் எழும்பி எழும்பி இருக்கிற பிள்ளைகளோடு கனூவில் போகாதீர்கள். படகின் உட்பக்கத்தில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று ஒரு தகடு இருக்கும். ஐஸ் பெட்டியும் நங்கூரமும் அந்தக் கணக்கில் சேரும்.

உயிர்காப்பு அங்கியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஒரு வருடம் வாடகைக் கடையில் என் மகளின் எடைக்கு ஏற்றது இல்லாமல் போய், அவளும் அம்மாவும் அன்று காலை முழுவதும் துறையிலேயே இருந்தார்கள். அங்கியைப் போட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேலே ஏறினால் அது பெரிது. பெரியவர்களும் போட்டே இருக்க வேண்டும், இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிற அங்கி உதவாது.

மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிறெக்ற் குளிர்தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு 1-10-1. விழுந்ததும் மூச்சு இரைக்கும், அதை அடக்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். குளிரால் நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம். இதிலிருந்து தெரிவது என்ன? குளிரில் உறைந்து போவதற்கு முன்பே, அங்கி இல்லாதவர் முதல் நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்து மூழ்கிவிடக்கூடும். பிள்ளைகளுக்கு இதைப் பயமுறுத்தாமல் சொல்லிக்கொடுங்கள்: விழுந்தால் முதலில் மூச்சு, பிறகு படகைப் பிடி, கரைக்கு நீந்தாதே.

உடுப்பில் பருத்தி வேண்டாம். நனைந்தால் அது சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது பொலியெஸ்டர், நடுவில் தடிப்பான ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத சட்டையும் காற்சட்டையும். கரையில் வேர்க்கிற அளவுக்கு உடுத்தினால்தான் ஓடும் படகில் சரியாக இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு சோடி கையுறை, இரண்டு சோடி காலுறை, ஒரு முழு மாற்றுடுப்பு. இவற்றை நீர் புகாத பையில் கட்டிப் படகிலேயே வையுங்கள், காரில் விட்டால் பயனில்லை.

இவற்றோடு தண்ணீர் இறைக்க ஒரு வாளி, விசில், 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு, நங்கூரம். பெரிய சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி. பாணும் சம்பலும், அல்லது முதல்நாள் சுட்ட ரொட்டி. குளிரில் பிள்ளைகளுக்குப் பசி அடிக்கடி வரும், ஆகவே நினைத்ததைவிட இரண்டு மடங்கு கொண்டுபோங்கள். ஏரியில் கைபேசியை நம்ப முடியாது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தூண்டில்

இதில் பணம் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. பெரியவர்களுக்கு ஆறரை அடி ஸ்பின்னிங் தடி, பிள்ளைகளுக்கு ஐந்தடி. ரீலில் 8 இறாத்தல் இழுவை தாங்கும் தங்கூசி, அதாவது தூண்டில் நூல். நுனியில் நல்ல சுவிவல், அதாவது சுழலும் சின்ன இணைப்பு, கட்டாயம். ஸ்பூன் என்பது கரண்டி வடிவத்தில் உள்ள உலோகப் போலி இரை. அது சுழன்று சுழன்று வரும்போது சுவிவல் இல்லாவிட்டால் தங்கூசி முறுக்கேறிச் சிக்காகிவிடும், குளிர்ந்த விரலால் அந்தச் சிக்கை எடுக்க முடியாது.

ஸ்பூன்களில் வெள்ளி, செம்பு என்று இரண்டு நிறமும் எடுங்கள். கனடாவில் பரவலாகக் கிடைக்கும் வில்லியம்ஸ் வாப்ளர் எனக்கு நன்றாக உதவியிருக்கிறது. வெயில் நாளில் வெள்ளி, மப்பு நாளில் செம்பு என்று தொடங்கலாம். மூன்று முனைக் கொளுக்கியைக் கழற்றி ஒற்றைக் கொளுக்கி மாட்டி, நுனிக்குக் கீழே பின்பக்கம் பார்த்திருக்கும் சின்ன முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். பிள்ளையின் விரலிலோ அண்ணனின் தொப்பியிலோ ஏறினாலும் இலகுவாக வெளியே வரும். மீனுக்கும் காயம் குறைவு. பாரத்துக்கு ஈயக்குண்டு வேண்டாம், வெள்ளீயம் வாங்குங்கள். அறுந்து விழும் ஈயத்தை லூன் பறவை விழுங்கி நஞ்சேறிச் சாகிறது. காலையில் அந்தப் பறவையின் குரலைப் பிள்ளைகள் கேட்கப் போகிற ஏரி அது.

கைவலை எடுக்க மறக்காதீர்கள். ஊரில் அத்தாங்கு என்போமே, அதே வடிவம். ரப்பர் வலையாகப் பாருங்கள், நூல் வலை மீனின் வழுவழுப்பைத் துடைத்துவிடும்.

காலையில் தண்ணீரில்

விடிந்த உடனே புறப்படுங்கள். ஒபியோங்கோ காற்றுக்குப் பேர் போன ஏரி. பெரும்பாலான நாட்களில் காலையில் அமைதியாக இருந்து, பத்து பதினொரு மணிக்குக் காற்று எழும்பும். ஆறரைக்குத் துறையை விட்டால் பத்தரைக்குத் திரும்பலாம். பிள்ளைகளுக்கு அந்த நான்கு மணி நேரமே அதிகம்.

முதல் முறை நாங்கள் போனபோது இது எனக்குத் தெரியவில்லை. எட்டரைக்குத்தான் புறப்பட்டோம். மறுகரை நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி ஏரியின் நடுவால் குறுக்கே போனேன். காற்று மாறி அலை ஒரு அடிக்கு மேல் எழுந்தது. திரும்ப முடியாமல் மறுகரையில் ஒதுங்கி இரண்டு மணி நேரம் இருந்தோம். மகனின் கையுறை நனைந்திருந்தது, மாற்றுச் சோடி காரில் இருந்தது. என் சட்டைக்குள் அவன் கையை வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து தெற்குக் கையை விட்டு நான் பிள்ளைகளோடு வெளியே போவதில்லை, கரையிலிருந்து 100 மீட்டருக்கு மேல் விலகுவதும் இல்லை.

நல்லவேளையாக, இந்தக் காலத்தில் மீனும் கரையோரத்தில்தான். எங்கே தேடுவது? தெற்குப் பார்த்திருக்கும் வடகரை அதிக வெயிலை வாங்கும், அங்கே தண்ணீர் ஓரிரு பாகை கூடுதலாக இருக்கும். ஓடை வந்து விழும் இடம், நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை, தீவுகளின் ஓரம், கரை திடீரென்று ஆழமாக இறங்கும் இடம், இவை எல்லாம் நல்லவை. முதல்நாள் முழுவதும் ஒரு பக்கமாகக் காற்று வீசியிருந்தால், சூடான மேல்தண்ணீரைக் காற்று தள்ளிச் சேர்த்த கரையைப் பாருங்கள். படகின் அடியில் 4 முதல் 10 மீட்டர் ஆழம் இருக்கும்படி கரையோடு ஒட்டிப் போங்கள். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அதே காற்று வீட்டுப் பக்கம் தள்ளும்.

பிறகு ஸ்பூனைத் தண்ணீரில் விட்டு, 30 மீட்டர் தங்கூசியை விட்டு, மெதுவாக இழுத்துப் போவதுதான் வேலை. வேகம் மணிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோமீட்டர், தாத்தா பாட்டி நடக்கிற நடை. ஸ்பூன் துடிப்பது தடியின் நுனியில் தெரிய வேண்டும். துடிக்காவிட்டால் இலையோ குப்பையோ மாட்டியிருக்கிறது. இரண்டு தடிகள் இரு பக்கமும், ஒன்று 20 மீட்டரிலும் மற்றது 30 மீட்டரிலும் இருந்தால் சிக்காது. நான்கு பேர் இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு தூண்டில் போதும். மற்ற இருவர் கரையைப் பார்த்து ஆழம் சொல்லட்டும், அரை மணிக்கொரு தரம் மாறிக்கொள்ளுங்கள்.

நேர்கோட்டில் போகாதீர்கள். பாம்பு போல வளைந்து போங்கள். வளையும்போது வெளிப்பக்கத்து ஸ்பூன் வேகமாகும், உள்பக்கத்தது மெதுவாகி ஆழத்துக்கு இறங்கும். எந்தப் பக்கத்தில் மீன் கடித்தது என்பதைப் பார்த்தால், அன்றைய மீனுக்கு வேகம் பிடிக்கிறதா, ஆழம் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்த ஒரு விடயத்தைக் கவனித்தவர்கள் இரண்டாவது, மூன்றாவது மீனையும் பிடிப்பார்கள்.

மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுகிறவரின் கையிலோ அங்கியிலோ எப்போதும் மாட்டியிருக்கட்டும். அலை எழுந்தால் படகின் முன்பக்கமான அணியத்தைச் சற்றுச் சாய்வாக அலைக்குக் காட்டி, மெதுவாகக் காற்று மறைவான கரைக்குப் போய் ஒதுங்குங்கள். ஒரு மணிக்கொரு தரம் காற்று இல்லாவிட்டாலும் கரையில் இறக்கி, பிள்ளைகளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

மீன் கடித்தால்

தடி வளைந்ததும் மோட்டாரை நியூட்ரலுக்கு மாற்றி, மற்றத் தூண்டிலைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். தடியைப் பிள்ளையிடம் கொடுங்கள், பிறகு திரும்ப வாங்காதீர்கள். தடி மேலே, மீன் இழுக்கும்போது சுற்றாதே, நிற்கும்போது சுற்று. இது மட்டும் சொன்னால் போதும். மீன் பலமாக இழுக்கும்போது தங்கூசியை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக் முன்கூட்டியே தளர்வாக இருந்தால் தங்கூசி அறாது. எழுந்து நிற்க விடாதீர்கள். மீனைத் தலைப்பக்கமாக வலைக்குள் எடுங்கள்.

என்ன மீன் என்று பாருங்கள். வால் ஆழமாகப் பிளந்து, கருமையான உடலில் வெளிறிய புள்ளிகள் இருந்தால் லேக் ட்ரவுட். வால் சதுரமாக, சிவப்புப் புள்ளியைச் சுற்றி நீல வளையமும் செட்டை ஓரத்தில் வெள்ளைக் கோடும் இருந்தால் புரூக் ட்ரவுட். இரண்டுக்கும் விதிகள் வேறு.

விடுவதென்றால் வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, கையை நனைத்துக்கொண்டு, கொளுக்கியைக் குறட்டால் கழற்றுங்கள். படம் எடுக்கும்போது பிள்ளையும் மீனோடு சேர்ந்து மூச்சைப் பிடிக்கட்டும். பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது மீன் தண்ணீருக்குப் போய்விட வேண்டும். இந்த ஏரிகளில் லேக் ட்ரவுட் முட்டையிடும் வயதுக்கு வர ஆறேழு வருடம் எடுக்கும். பெரியதை விட்டுவிட்டு, விதி அனுமதித்தால் சின்னது ஒன்றைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். பெரிய மீனில் பாதரசமும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் எவ்வளவு சாப்பிடலாம் என்று மாகாண அரசின் மீன் உணவு வழிகாட்டி ஏரி ஏரியாகச் சொல்கிறது.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே தலையில் தட்டிக் கொன்று, ஐஸில் வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதானால் தோலை முழுவதும் உரிக்காதீர்கள். எத்தனை மீன், என்ன இனம் என்று அதிகாரி பார்த்தால் தெரிய வேண்டும். சொந்தப் படகைக் கொண்டுபோனவர்கள், துறையை விட்டுப் புறப்படும் முன் வடிகால் அடைப்பைக் கழற்றி, ஒட்டியிருக்கும் பாசியைத் துடைத்துவிடுங்கள். 2022இலிருந்து ஒன்ராறியோவில் அது சட்டம்.

மாலையில் முகாமில்

லேக் ட்ரவுட் கொழுப்புள்ள மீன், சுவையில் அறக்குளாவைவிட சாமனுக்குக் கிட்ட. புளி போட்டுக் குழம்பு வைத்தால் நன்றாக இருக்கும். ஆனால் முகாமில் பொரியல்தான் சுலபம். மஞ்சள், உப்பு, யாழ்ப்பாணத் தூள், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி பூசி அரை மணி நேரம் வைத்து, இரும்புச் சட்டியில் தோல் பக்கம் கீழே இருக்க மெல்லிய நெருப்பில் வேகவிடுங்கள். தோல் மொறுமொறுப்பானதும் ஒரு தரம் மட்டும் திருப்புங்கள். தூளை வீட்டிலேயே அளந்து சிறிய பையில் கட்டிக்கொண்டுபோனால் வேலை மிச்சம்.

கரடிகள் மே மாதத்தில் விழித்திருக்கும், பசியோடு இருக்கும். மீன் கழிவை முகாமருகில் போடாதீர்கள். சாப்பிட்டு முடிந்த கையோடு சட்டியைக் கழுவி, ஐஸ் பெட்டி, தூள்ப் பை, மீன் மணக்கும் துவாய், பிள்ளைகளின் பையில் மிஞ்சிய பிஸ்கட் எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அப்புறம் யர்ட்டுக்குள் போங்கள்.